பேரணியின் ஏற்பாடும் அரசியல் பணியே

(மும்பையில் நடைபெறவுள்ள பேரணியை முன்னிட்டு நடத்தப்பட்ட செந்தொண்டர் பயிற்சி வகுப்பில், தமிழ் பேசும் தோழர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே,

பேரணி என்றதும் நினைவுக்கு வருபவை முழக்கங்களும் கொடிகளும் மேடை உரைகளும்தான். தீர்மானம் எழுதக் குழு அமைக்கப்படுகிறது. சுவரொட்டி வாசகத்துக்காக ஒரு மாலை முழுவதும் விவாதம் நடக்கிறது. குடிநீர், கழிப்பிடம், கயிறு, வாகன நிறுத்தம், மருத்துவ வண்டி ஆகிய அனைத்தும் ‘ஏற்பாடுகள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டு இரண்டு மூன்று தோழர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அரசியல் ஒரு பக்கம், ஏற்பாடு மறு பக்கம் என்ற இந்தப் பிரிவினை தவறானது. பேரணிக்கு வருகிறவரை நாம் எப்படி நடத்துகிறோம், பேரணி கடந்து செல்லும் நகரத்தை எப்படி நடத்துகிறோம் என்பதும் நமது அரசியலே. இன்றைய வகுப்பின் மையக் கருத்து இதுதான்.

2018 மார்ச்: ஓர் இரவில் எடுக்கப்பட்ட முடிவு

இந்த நகரமே கண்ட ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். 2018 மார்ச் 6 அன்று நாசிக்கிலிருந்து விவசாயிகளின் நெடும்பயணம் புறப்பட்டது. அகில இந்திய விவசாயிகள் சங்கம் அதற்குத் தலைமை ஏற்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலப் பட்டா, கடன் தள்ளுபடி, விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை ஆகியவை முதன்மைக் கோரிக்கைகள். நடந்தவர்களில் பெரும் பகுதியினர் ஆதிவாசி விவசாயிகள். பெண்களும் முதியவர்களும் ஏராளம். கசாரா மலைப்பாதை வழியாக, தாணேயைக் கடந்து, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து மும்பையை அடைந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தானியத்தை வழியில் தங்கும் இடங்களில் சமைத்து உண்டார்கள்.

மார்ச் 11 ஞாயிறு மாலை அவர்கள் சயான் பகுதியில் உள்ள சோமையா மைதானத்தை வந்தடைந்தார்கள். மறுநாள் காலை ஆசாத் மைதானம் நோக்கிப் புறப்பட வேண்டும் என்பதே திட்டம். ஆனால் மறுநாள் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு. பகலில் பேரணி நகர்ந்தால் மாணவர்கள் தேர்வு மையங்களை அடைய முடியாமல் போகலாம். பகல் முழுவதும் நடந்து களைத்து, பாதங்கள் வெடித்துக் கொப்புளித்திருந்த அந்த மக்கள், அன்றிரவே மீண்டும் எழுந்து நடப்பது என்று முடிவெடுத்தார்கள். நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு, விடியும் முன் ஆசாத் மைதானத்தை அடைந்தார்கள். காலையில் மும்பையின் மாணவர்கள் வழக்கம்போல் தேர்வெழுதச் சென்றார்கள்.

அதன் பிறகு நடந்ததை நாடறியும். டப்பாவாலாக்கள் உணவு வழங்கினார்கள். குடியிருப்போர் தண்ணீரும் ரொட்டியும் செருப்புகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்ச் 12 அன்றே மாநில அரசு கோரிக்கைகள் மீது எழுத்துப்பூர்வமான உறுதிமொழி அளித்தது. அந்த உறுதிமொழிகள் முழுமையாக நிறைவேறாததால் 2019இலும் 2023இலும் மீண்டும் நடக்க வேண்டியிருந்தது என்பது போராட்டத்தின் அடுத்த அத்தியாயம். ஆனால் 2018 மார்ச்சில் நகரத்து நடுத்தர மக்களும் உழைப்பாளிகளும் விவசாயிகளின் பக்கம் நின்றதற்கு அந்த இரவின் முடிவு ஒரு முக்கியக் காரணம். பேரணி எந்த நேரத்தில், எந்தச் சாலையில் செல்வது என்பது ஏற்பாட்டுக் குழுவின் கேள்வி. அதற்குக் கிடைத்த விடை ஓர் அரசியல் வெற்றியாக மாறியது.

கணக்கிலிருந்து தொடங்குவோம்

அந்த முடிவு ஏன் இன்றியமையாததாக இருந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரிசைக்கு எட்டுப் பேர், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 பேர் நடந்தால் 5,000 வரிசைகள். பேரணியின் நீளம் 6 கிலோமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் பேரணி ஒரு சந்திப்பைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும். வரிசைக்கு நான்கு பேர் என்றால் நீளம் 12 கிலோமீட்டர், நேரம் நான்கு மணி. காலை எட்டு மணிக்குத் தாதர் சந்திப்பு இரண்டு மணி நேரம் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை மும்பைவாசிகளான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நமது பேரணிக்கு 10,000 பேர் வருவார்கள் என்று கொள்வோம். எட்டுப் பேர் வரிசையில் 1,250 வரிசைகள், ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், ஒரு சந்திப்பைக் கடக்க அரை மணி. ஆனால் இடைவெளியே இல்லாத ஒன்றரைக் கிலோமீட்டர் மனிதச் சுவரை ஆம்புலன்ஸ் எப்படிக் கடக்கும்? ஆகவே பேரணியை 500 பேர் கொண்ட 20 தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். தொகுதிகளுக்கு இடையே 25 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அப்போது மொத்த நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், கடக்கும் நேரம் 40 நிமிடம். பத்து நிமிடம் கூடுதலாகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக, எந்த இடத்திலும் ஒரு நோயாளியின் வண்டியையும் ஒரு தீயணைப்பு வண்டியையும் குறுக்கே விட முடிகிறது.

தொகுதிக்கு 15 தொண்டர்கள் தேவை. முன்னால் இருவர், பின்னால் இருவர், பக்கத்துக்கு நால்வர், தண்ணீருக்கு ஒருவர், முதலுதவிக்கு ஒருவர், தொகுதிப் பொறுப்பாளர் ஒருவர். 20 தொகுதிக்கு 300 தொண்டர்கள். சந்திப்புகளிலும் மைதானத்திலும் நிற்பவர்கள் தனி. 10,000 பேரைத் திரட்டுவோம் என்று அறிவிக்கிற ஒரு குழு, 300 தொண்டர்களின் பெயர்ப் பட்டியலைப் பேரணிக்கு ஒரு வாரம் முன்பே கையில் வைத்திருக்க வேண்டும்.

நெரிசல் எப்படி உருவாகிறது?

2017 செப்டம்பர் 29 காலை எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் 23 பேர் உயிரிழந்தார்கள். நாம் நடக்கப்போகும் சாலையிலிருந்து சற்றுத் தொலைவில்தான் அந்த இடம் இருக்கிறது. 2024 ஜூலை 2 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் ஒரு சமயக் கூட்டத்தில் 121 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தில் 11 பேர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் பிரச்சாரக் கூட்டத்தில் 41 பேர். கரூர்ச் செய்தி வந்த இரவில் உறவினர்களைத் தேடி ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் உங்களிலும் இருக்கலாம்.

இத்தகைய சாவுகளை ‘மிதிபட்டு இறந்தார்கள்’ என்று செய்திகள் எழுதுகின்றன. பல இடங்களில் மனிதர்கள் நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி, மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை திரும்பவும் விலகவும் இயலும். ஆறு பேரைத் தாண்டும்போது தனி மனிதரின் கட்டுப்பாடு போய்விடுகிறது. கூட்டம் நீரைப் போல அலையடிக்கத் தொடங்குகிறது. அந்த நிலையில் ஒழுக்கமான மனிதர்களாலும் தப்ப முடியாது. எனவே கூட்டத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த நிலை வராமல் தடுப்பது ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு.

இதற்கு நான்கு விதிகளை மனத்தில் இருத்துங்கள்.

முதலாவது, சாலை குறுகும் இடங்களை முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். மெட்ரோ பணித் தடுப்புகள், தோண்டிய நடைபாதை, மேம்பாலத்தின் தொடக்கம், மைதானத்தின் வாயில் ஆகியவையே ஆபத்தான இடங்கள். பேரணி நாளுக்கு ஒரு மாதம் முன் ஒரு முறையும், முந்தைய நாள் மாலை ஒரு முறையும் முழு வழியையும் நடந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நிறுத்துவதாயின் பின்னாலிருந்து நிறுத்த வேண்டும். முன்வரிசை நின்றுவிட்டது என்பது ஒரு கிலோமீட்டர் பின்னால் வருபவருக்குத் தெரியாது. அவர் நடந்துகொண்டே இருப்பார். அந்த அழுத்தம் முழுவதும் இடையில் இருப்பவர்கள் மேல் விழும். கடைசித் தொகுதி முதலில் நிற்கட்டும், முதல் தொகுதி கடைசியில் நிற்கட்டும்.

மூன்றாவது, உள்ளே வரும் வழியையும் வெளியேறும் வழியையும் ஒன்றாக வைக்கலாகாது. ஒரே படிக்கட்டில், ஒரே வாயிலில் எதிரெதிராக இரு ஓட்டங்களை அனுமதிக்கக் கூடாது. வெளியேறும் வழி எப்போதும் அகலமானதாக இருக்க வேண்டும்.

நான்காவது, மக்களைக் காக்க வைக்கக் கூடாது. தலைவர் வரத் தாமதமானால் தலைவரின்றிக் கூட்டம் தொடங்கட்டும். எவர் வருகைக்காகவும் மக்கள் வெயிலில் மணிக்கணக்காக நின்று வாடும் பண்பாடு நமக்கு உரியதாக இருக்கக் கூடாது.

இன்னொன்று. கூட்டம் அடர்ந்த இடத்தில் கைப்பேசி இணைப்பு தடைபடும். அந்த வேளையில் கைப்பேசியை நம்பிய ஏற்பாடு முழுவதும் செயலிழந்துவிடும். விசில் ஒலிக்கும் கொடி அசைவுக்கும் பொருளை முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். வாக்கி டாக்கி கிடைத்தால் பயன்படுத்துங்கள். தொகுதிகளுக்கு இடையே சைக்கிளில் செய்தி கொண்டுசெல்ல இளம் தோழர்கள் இருவர் தயாராக இருக்கட்டும்.

தண்ணீரும் வெயிலும்

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் திறந்த மைதானத்தில் நடந்த அரசு விருது விழாவில், வெயிலின் கொடுமையால் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசின் முழு வசதியும் பின்னிருந்த ஒரு விழாவிலேயே இது நிகழ்ந்தது. கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது; உடல் குளிராது. வெப்பமானியின் எண் குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

நடக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சத் தேவை. 10,000 பேர், நான்கு மணி நேரம் என்றால் 20,000 லிட்டர். அதாவது 10,000 லிட்டர் லாரிகள் இரண்டு. அந்தத் தண்ணீர் ஒரே இடத்தில் இருந்தால் அதுவே நெரிசலுக்குக் காரணமாகிவிடும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சாலையின் ஒரே பக்கத்தில், நீண்ட மேசை வரிசையில், பல குழாய்களுடன் வைக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஒவ்வொரு முதலுதவித் தோழரிடமும் இருக்க வேண்டும்.

நமது வழியில் சயான் மருத்துவமனை, பரேலில் கே.இ.எம்., பைகுல்லாவில் ஜே.ஜே. ஆகிய பெரிய பொது மருத்துவமனைகள் உள்ளன. ஒவ்வொரு தொகுதிப் பொறுப்பாளருக்கும், தாம் நிற்கும் இடத்திலிருந்து அருகில் உள்ள மருத்துவமனை எது, அதற்குச் செல்லும் குறுக்குத் தெரு எது என்று தெரிந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் நாசிக்கிலிருந்து புறப்பட்ட நெடும்பயணம் தாணே மாவட்டத்தின் வாசிந்தில் தங்கியிருந்தபோது ஒரு விவசாயி உடல்நலம் குன்றி இறந்தார். தம் நிலத்துக்காக நடந்து வந்த மனிதர் அவர். வயது முதிர்ந்தோர், நீரிழிவு உள்ளோர், இரத்த அழுத்த மாத்திரை உண்போர் யார் யார் என்ற விவரம் கிளைவாரியாக நம்மிடம் இருக்க வேண்டும். அவர்களுக்கென ஒரு வாகனம் பேரணியின் இறுதியில் வர வேண்டும். அதில் ஏறுவது குறைவானது என்ற எண்ணம் எவருக்கும் ஏற்படாதபடி நாமே அழைத்து அமர்த்த வேண்டும்.

பெண் தோழர்கள்

பேரணிக்கு வரும் பெண்களில் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பிடம் கிடைக்காது என்ற அச்சமே காரணம். இதை அவர்கள் கூட்டத்தில் சொல்வதில்லை. மயங்கி விழும்போதுதான் நாம் அறிகிறோம். எத்தனை லாரி தண்ணீர் வைத்தாலும் கழிப்பிடம் இல்லையென்றால் அந்தத் தண்ணீர் பெண்களுக்கானது ஆகாது.

பொதுக் கழிப்பிடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் கட்டணமின்றி அனுமதிக்கப்பட, பெண்களிடம் மட்டும் காசு வாங்கப்படுவதை எதிர்த்து 2011இல் இந்த நகரில்தான் ஓர் இயக்கம் எழுந்தது. அந்த இயக்கம் எழுப்பிய கேள்வி நமது பேரணிக்கும் பொருந்தும். 4,000 பெண்கள் வருவார்கள் என்றால், நூறு பேருக்கு ஒன்று என்று வைத்தாலும் 40 கழிப்பறைகள் வேண்டும். மாநகராட்சியின் நடமாடும் கழிப்பறைகளுக்கு இப்போதே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வழியில் உள்ள கட்டணக் கழிப்பிடங்களுக்கு அன்றைய தொகையை நாமே முன்பணமாகச் செலுத்திவிடலாம். சங்க அலுவலகங்கள், தோழர்களின் வீடுகள் எவையெவை திறந்திருக்கும் என்ற பட்டியலைப் பெண் தொண்டர்களிடம் கொடுக்க வேண்டும். விளக்கு, தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் ஆகிய நான்கையும் நேரில் சரிபார்ப்பது ஒரு பெண் தோழரின் பொறுப்பாக இருக்கட்டும். அவர் ஏற்பாட்டுக் குழுவின் முழு உறுப்பினராகவும் இருக்கட்டும்.

வரிசை அமைப்பிலும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. 2017 ஆகஸ்ட் 9 அன்று பைகுல்லாவிலிருந்து ஆசாத் மைதானம்வரை மராத்தா அமைப்புகளின் மௌனப் பேரணி நடந்தது. அவர்களின் கோரிக்கைகள் பற்றி நமக்குத் தனிக் கருத்து இருக்கலாம். இளம் பெண்களை முன்னிறுத்தியதும், மாபெரும் கூட்டம் அமைதி காத்ததும் பாராட்டத்தக்கவை. பெண்களும் முதியோரும் முன்னால் நடக்கும்போது பேரணியின் வேகத்தை அவர்களின் கால்களே தீர்மானிக்கின்றன. இளைஞர்கள் முன்னால் சென்றால் பின்னால் வருவோர் ஓட வேண்டியிருக்கும், வரிசை அறுந்துவிடும்.

மைதானமும் அனுமதியும்

2025 ஆகஸ்ட் 29 அன்று ஆசாத் மைதானத்தில் மராத்தா இடஒதுக்கீட்டுக்கான உண்ணாவிரதம் தொடங்கியபோது, 5,000 பேருக்கே அனுமதி இருந்தது. வந்தவர்களோ பன்மடங்கு. தண்ணீருக்கும் உணவுக்கும் கழிப்பிடத்துக்கும் வந்தவர்கள் தவித்தார்கள், சுற்றியுள்ள சாலைகள் அடைபட்டன, உயர்நீதிமன்றம் தலையிட்டது. விவாதம் கோரிக்கையிலிருந்து விலகிச் சாலைகளின் நிலைமைக்கு மாறிவிட்டது.

நமது அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. அந்த உரிமையைச் சுருக்க விரும்புவோர் ஒவ்வொரு நெரிசல் சாவையும் ஒவ்வொரு அடைபட்ட சாலையையும் தமக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு நாம் ஒரு சான்றையும் கொடுக்கலாகாது. எண்ணிக்கையைக் குறைத்துக் கூறி அனுமதி வாங்க வேண்டாம். உண்மையான மதிப்பீட்டைக் காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும் எழுத்தில் கொடுத்து, தண்ணீர், கழிப்பறை, ஆம்புலன்ஸ் ஆகியவற்றை எழுத்தில் கோரி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கிவைக்க வேண்டும். மக்களுக்கு அடிப்படை வசதி செய்வது அரசின் கடமை. கேட்டதற்கு ஆவணம் வைத்திருப்பது நமது கடமை.

ஒலிபெருக்கிக்கும் விதி உண்டு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை அதற்குத் தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மருத்துவமனை வாயில்களைக் கடக்கும்போது முழக்கம் நிற்க வேண்டும் என்பதைத் தொகுதிப் பொறுப்பாளர் முன்பே சொல்லிவைக்க வேண்டும். உள்ளே படுத்திருப்பவர்களும் நம் மக்களே.

தமிழ் பேசும் தோழர்களுக்கு ஒரு சிறப்புப் பொறுப்பு இருக்கிறது. தாராவியிலும் சயானிலும் மாட்டுங்காவிலும் தலைமுறைகளாக வாழ்பவர்கள் நீங்கள். இந்தச் சந்துகள் உங்களுக்குத் தெரியும். கிராமங்களிலிருந்து வரும் தோழர்களுக்குத் தெரியாது. அவர்களின் மொழி மராத்தி. சிலருக்கு ஆதிவாசி மொழிகள். ‘நில்லுங்கள்’, ‘மெல்ல’, ‘தண்ணீர் இங்கே’, ‘மருத்துவர் எங்கே’ என்பவற்றை மராத்தியில் சொல்லத் தெரியாத தொண்டர் ஒருவரும் நம் வரிசையில் இருக்கக் கூடாது.

பேரணி முடிந்த பின்

மேடையில் நன்றியுரை முடிந்தவுடன் பேரணி முடிந்துவிடுவதில்லை. தெருவில் கிடக்கும் தாள்களையும் குவளைகளையும் நாளைக் காலை யார் பெருக்குவார்? துப்புரவுத் தொழிலாளர். இந்த நகரின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர் 2,700 பேர், நிரந்தரப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2017இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அவர்களின் கோரிக்கையை நம் பதாகையில் எழுதிவிட்டு, நம் குப்பையை அவர்கள் தலையில் சுமத்துவது எவ்வகையிலும் பொருந்தாது. கடைசித் தொகுதிக்குப் பின்னால் 50 தொண்டர்கள் சாக்குகளுடன் வர வேண்டும். அந்த அணியில் மாவட்டக் குழு உறுப்பினர்களும் இருக்க வேண்டும். பெருக்குகிற வேலை சிலருக்கென்றே பிறவியில் விதிக்கப்பட்டது என்று கருதும் சமூகத்தில், இதைவிடத் தெளிவான முழக்கம் வேறில்லை.

இறுதியாக, வீடு திரும்புதல். 2018 மார்ச் 12 அன்று நெடும்பயணம் முடிந்தபோது, விவசாயிகள் ஊர் திரும்பச் சிறப்பு ரயில்கள் இயக்கப்பட்டன. வருவதற்குத் திட்டமிடுவது போலவே திரும்புவதற்கும் திட்டமிட வேண்டும். 10,000 பேரும் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால், நாள் முழுவதும் காத்த ஒழுங்கு ஒரு படிக்கட்டில் குலைந்துபோகும். தொகுதி தொகுதியாக, பத்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். காணாமற்போனவர்களுக்கான மேசை கடைசி வாகனம் புறப்படும்வரை இருக்கட்டும். ஒவ்வொரு கிளைச் செயலாளரும் புறப்படும்போது தலைகளை எண்ண வேண்டும். ஊர் சேர்ந்ததும் மீண்டும் எண்ண வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றே என்ற செய்தி எல்லாக் கிளைகளிலிருந்தும் வந்து சேர்ந்த பிறகே ஏற்பாட்டுக் குழு கலைய வேண்டும்.

தோழர்களே, கூலியை இழந்து, பிள்ளையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, நம்மை நம்பி ஒருவர் வருகிறார். அவருக்குத் தாகம் எடுக்கும்போது தண்ணீர் கிடைத்ததா, களைத்தபோது நிழல் கிடைத்ததா, பத்திரமாக வீடு சேர்ந்தாரா என்பதைக் கொண்டே நம் இயக்கத்தை அவர் எடைபோடுவார். அடுத்த முறை அழைக்கும்போது அவர் தனியாக வருகிறாரா, நான்கு பேரை அழைத்துக்கொண்டு வருகிறாரா என்பதும் அதைப் பொறுத்ததே. இந்த வகுப்பிலிருந்து வெளியேறும்முன் தொகுதிப் பட்டியலில் உங்கள் பெயரையும் பொறுப்பையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சயானிலிருந்து முழு வழியையும் ஒன்றாக நடந்து பார்ப்போம்.